மனைவியின் கையெழுத்து

வெரோனிகா ஹுடாக் தன் மகனுக்குக் கல்லறைக் கல் வாங்கி நட்டுவிட்டாள். மகன்தான் இன்னும் வந்து சேரவில்லை. பென்சில்வேனியாவில் எங்கள் இரும்பாலை ஊரின் மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், அவள் புருஷனுக்குப் பக்கத்தில் அந்தக் கல் நின்றது. எமில் ஹுடாக், பிறப்பு 1921, இறப்பு 1944. கல்லுக்குக் கீழே வெறும் மண். எமில் கிடந்தது இத்தாலியில், ஏதோ ஒரு ராணுவ மயானத்தில். போரில் செத்த பிள்ளைகளைக் கேட்கிறவர்களுக்கு அரசாங்கம் கப்பலில் கொண்டுவந்து கொடுக்கும் என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

எமில் கப்பலேறுவதற்குப் பதினொரு நாள் முன்னால் டொலோரஸைக் கட்டிக்கொண்டான். பதினொரு நாள்! புதுச் செருப்பு காலுக்குப் பழகக்கூட அது போதாது. அவன் செத்த தந்தி வந்ததும், பிள்ளை போரில் இருக்கிற வீடு என்று காட்ட ஜன்னலில் தொங்கிய கொடியின் நீல நட்சத்திரத்தின் மேல், செத்துப்போனவனுக்கு வைக்கிற தங்க நிறத் துணியை வைத்து வெரோனிகாவே தைத்தாள். மற்ற வீடுகளில் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கொடியைச் சுருட்டிப் பெட்டியில் போட்டார்கள். கல்யாணம், குழந்தை, கார், ஊருக்கு வெளியே புது வீடு என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். ஹுடாக் வீட்டு ஜன்னலில் மட்டும் நட்சத்திரம் வெளுத்துக்கொண்டிருந்தது.

மாமியாரோடு அதே வீட்டில் இருந்த டொலோரஸுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. போர்க்காலத்தில் ஆலையில் கிரேன் ஓட்டியவள். ஆண்கள் திரும்பியதும், "ரொம்ப நன்றி, வீட்டுக்குப் போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு கடையில் வாஷிங் மெஷின் விற்கப் போனாள். அங்கே கூட வேலை பார்த்தவன் கிளிஃபர்ட். நல்ல பையன்தான், பொய் சொல்லக் கூடாது.

மாதா கோயில் கூடத்து விருந்துக்கு அவளைக் காரில் கூட்டிவந்தான். முட்டைக்கோஸ் சுருளைப் பரிமாறிக்கொண்டிருந்த வெரோனிகா கரண்டியும் கையுமாக அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, இவ விரல்ல மோதிரம் இருக்கே, உனக்குக் கண்ணு தெரியலையா? என் பையன் மண்ணுல கிடந்தாலும் இவ அவன் பொண்டாட்டிதான். சாகிறவரைக்கும்!"

"அம்மா, போதும். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி! ஜன்னல்ல நட்சத்திரம், வாசல்ல எவனோ ஒருத்தன் காரா?"

அதோடு விட்டாளா? அந்தக் கார் வந்து நிற்கும்போதெல்லாம் எமிலின் படத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் நாற்காலியில் வந்து உட்காருவாள். படத்தை மடியில் வைத்து கிளிஃபர்டைப் பார்க்கும்படி திருப்பியும் வைப்பாள். எவன்தான் தாங்குவான்? ரெண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு கிளிஃபர்ட் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போய்விட்டான். டொலோரஸ் சண்டை போடவில்லை, அழவில்லை. தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொள்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். வெரோனிகாவுக்கு நிம்மதியாக இருந்தது.

1947இல் ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது, டொலோரஸ் பேருக்கு. எமிலை ஊருக்குக் கொண்டுவரவா, அங்கேயே விடவா என்று கேட்டிருந்தது.

"வீட்டுக்குன்னு எழுதுடி. கொட்டை எழுத்துல எழுது," என்றாள் வெரோனிகா.

டொலோரஸ் அதை மாடிக்கு எடுத்துப் போனாள். மறுநாள் தானே தபாலில் போட்டாள். வெரோனிகா பாதிரியாரிடம் சொல்லிவைத்தாள், எமிலின் அறைக்கு வெள்ளையடித்தாள். இலையுதிர் காலத்தில் பக்கத்துத் தெருப் பையனின் சவப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியதும், நம்முடையது எப்போது என்று கேட்க ராணுவ அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

குமாஸ்தா கோப்பைப் பிரித்தான். "அங்கேயே இருக்கட்டும்னு எழுதியிருக்காங்களேம்மா."

"யாரு?"

"அவரோட மனைவி."

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனேய்யா!"

"சட்டப்படி மனைவிதான் முடிவு பண்ணணும். அவங்க மறுகல்யாணம் பண்ணியிருந்தா அந்த உரிமை போயிருக்கும். அப்பாவும் இல்லைங்கறீங்க, குழந்தையும் இல்ல. பேப்பர் நேரா உங்க கைக்கே வந்திருக்கும். பண்ணிக்கிட்டாங்களா?"

வெரோனிகா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸை மறந்துவிட்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாள்.

டொலோரஸ் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தி எழுதுடி. உன் கால்ல விழறேன்."

"மாட்டேன். அவன் இங்க வந்துட்டா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தக் கல்லு முன்னாடி உங்க பக்கத்துல நான் நிக்கணும். சாகிறவரைக்கும். பதினொரு நாள்மா. அவன் குரல்கூட எனக்கு ஞாபகமில்ல."

"அப்ப கல்யாணம் பண்ணிக்கோ! யாரையாவது. நாளைக்கே. கவுனை நானே தைக்கிறேன்."

டொலோரஸ் சிரித்துவிட்டாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"யாரைம்மா? வந்த ஒருத்தனையும் நீங்கதானே விரட்டினீங்க?"

அன்றிலிருந்து வெரோனிகா ஆலை வாசலில் நிற்க ஆரம்பித்தாள். கல்யாணமாகாதவன் எவனைப் பார்த்தாலும், "வீட்டுக்கு வாயேன் தம்பி, என் மருமக நல்லா சமைப்பா" என்று கெஞ்சுவாள். கோயில் கூடத்துக் கதை தெரியாதவன் ஊரில் எவன் இருக்கிறான்? முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு போனார்கள். எமிலின் படத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். ஜன்னல் கொடியையும் அவிழ்த்தாள். வாசலில் ரெண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்தாள். நாலு வருஷம் போட்டு வைத்தாள். கார் எதுவும் வந்து நிற்கவில்லை, பெட்டிகளோடு வந்த கடைசிக் கப்பலும் வந்து போய்விட்டது.