பான்லியூவுக்குப் போகாத அக்கா

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிரெஞ்சு ரீச்சரின் முன்னறையில் எப்போதும் மெழுகுதிரிப் புகையும் பொரித்த கருவாடும் கலந்து மணக்கும். யுத்த காலத்து அந்த ஆண்டில் சனிக்கிழமை தோறும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, படிக்கப் போகும் அக்காவுக்குத் துணையாக நானும் அங்கே போவேன். அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. அப்பா பாரிசுக்கு வெளியே ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டு, அம்மாவையும் எங்கள் இருவரையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். தூதரகம் நேர்முகத்துக்குத் திகதியும் தந்துவிட்டது. தான் இருக்கும் இடத்தை அவர் கடிதங்களில் "பான்லியூ" என்றே எழுதுவார்.

அதற்கு என்ன பொருள் என்று அக்கா ஒருநாள் கேட்டாள். ரீச்சர் அவளுடைய கொப்பியை வாங்கி, நடுவில் ஒரு நகரத்தை வரைந்து சுற்றிவர வட்டம் போட்டார்.

"பான் எண்டால் பிரபுவின்ர கட்டளை, லியூ எண்டால் ஒரு மூண்டு மைல் தூரம். முந்தி நகரத்துக்கு வெளியில அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கட்டளை செல்லும். அங்க இருக்கிற சனம் நகரத்தில சேர்த்தியில்லை, ஆனா நகரத்தின்ர சொல்லுக்குக் கட்டுப்படவேணும். இப்ப சும்மா புறநகர் எண்டுதான் அர்த்தம்."

பிற்காலத்தில் பலர் அதைத் தள்ளிவைக்கப்பட்டவர்களின் இடம் என்று பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்றும் சொன்னார்.

"அது பிழையெண்டு சொல்லேலாது ரீச்சர்" என்று அக்கா சிரித்தாள்.

அன்று திரும்பும் வழியில் காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். அக்காவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கொப்பியைப் புரட்டிய அதிகாரி வட்டத்தில் விரலை வைத்து, இது எந்த நகரத்தின் படம், இந்தக் கோடு எவ்வளவு தூரம் என்று சிங்களத்தில் கேட்டான். அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "பாடம், சேர், பாடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"நீ ஓடிப்போய் அம்மாட்டச் சொல்லு" என்றாள்.

யாழ்ப்பாணத்தார் கொழும்பில் தங்குவதற்குத் தரும் பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் பிடித்தபடி அம்மா நிலைய வாசலில் மூன்று நாள் நின்றாள். எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த எங்கள் ஊரவர், "பொலிஸ் கேட்டால் உங்களைப் பெரிசாத் தெரியாது எண்டுதான் சொல்லுவன், குறை நினையாதேங்கோ" என்றார். நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் விஷயம் அறிந்த ரீச்சர் பாடப் புத்தகத்தோடு வந்து படத்தை விளக்கினார். அதிகாரி சிரித்தான். "ஹரி, கெதர யன்ன" என்று அக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னான். ஒரு பகிடி முடிந்ததுபோல முடித்துவிட்டான். தூதரக நேர்முகத் திகதியோ அதற்கு முந்தின நாளே கடந்துபோயிருந்தது. அடுத்த திகதி வருவதற்குள் அக்காவுக்குப் பதினெட்டு கடந்துவிட்டதால் அவளைச் சேர்க்க முடியாது என்றார்கள். அவளைத் தனியே விடமாட்டேன் என்று அம்மா நின்றுவிட்டாள். ஒரு பிரெஞ்சுச் சொல்லும் ஒழுங்காக எழுதத் தெரியாத என்னை மட்டும் அப்பாவிடம் அனுப்பினார்கள்.

சென்ற ஆண்டு மகனோடு வெள்ளவத்தைக்குப் போனேன். சாவடி இல்லை. நாங்கள் இருந்த வீட்டை இடித்து ஒன்பது மாடி எழுப்பியிருக்கிறார்கள். அம்மாவும் இல்லை. அக்கா தெஹிவளையில் இருக்கிறாள். மகன் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்க, அவள் முந்திக்கொண்டு, நிதானமாக, ஓர் இலக்கணப் பிழையும் இல்லாமல் பதில் சொன்னாள்.

"பெரியம்மா பிரான்சில எங்க இருந்தவா?" என்றான் மகன் வியப்போடு.

"நான் அங்க வரேல்லை ராசா" என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி போட எழுந்து போனாள். அந்த அதிகாரி இன்று எங்கேயோ ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு, எங்கள் நினைவே இல்லாமல் இருப்பான்.