இருபதில் ஒரு வருஷம்

மே பதினைந்தாம் தேதி பிறந்த பெண்ணுக்கு ஸோஃபியா என்று பெயர் வைத்தால், வியெஷ்பினி ஊரில் அவள் பாடு திண்டாட்டம்தான். மே நடுவில், கடைசி உறைபனியைக் கொண்டுவருவதாக ஊர் நம்பும் ‘பனிப் புனிதர்கள்’ மூன்று பேரின் திருநாள், பன்னிரண்டாம் தேதி தொடங்கி நாளுக்கு ஒன்றாக வரும்: பன்கிராசி, செர்வாசி, போனிஃபாசி. அவர்களுக்கு அடுத்த நாள் புனித ஸோஃபியாவுடையது. அந்த நாள் கழியாமல் தக்காளி நாற்றை யாரும் வெளியில் நட மாட்டார்கள். யாராவது அவசரப்பட்டு நட்டு, நாற்று கருகினால் மற்ற மூவரையும் விட்டுவிட்டு புனித ஸோஃபியாவைத்தான் ‘குளிர்காரி ஸோஷ்கா’ என்று பெயரைச் சுருக்கித் திட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் வழியாகக் காற்று அடித்தால்கூட, “ஏய் குளிர்காரி, மூச்சை அடக்குடி!” என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும்.

அவள் சிரித்துப் பழகிக்கொண்டாள். அப்பா ரயில்வே கேட் காவலர், அம்மா ஆப்பிள் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள். அந்த வீட்டிலிருந்து லூப்லின் நகரத்துக்குப் போய் வேளாண்மை படித்த முதல் ஆள் ஸோஃபியா. திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாலித்தீன் கூடாரம் போட்டு நாற்று விற்க ஆரம்பித்தாள். இருபது வருஷத்து மே மாத வெப்பநிலையைத் தேடி எடுத்து, கட்டம் போட்டு, கதவில் ஒட்டியிருந்தாள். வாங்க வந்தவர்கள் நாற்றைப் பார்த்தார்கள், விலையைக் கேட்டார்கள். அந்தத் தாளை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு இருந்த பெரிய குறை அதுதான். படித்தது எதற்கு என்று சில சமயம் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

முதன்முதலாக அந்தத் தாளைப் பார்த்தது பக்கத்து வீட்டு கெனியா. இடுப்பு மூட்டு தேய்ந்து கோல் ஊன்றி நடக்கிறவள், தனி ஆள். கோடை முழுக்கத் தக்காளி விற்றுத்தான் குளிர்காலத்தை ஓட்டுவாள்.

“பதினஞ்சாம் தேதி ஆபரேஷன்டி. பதினாலாம் தேதியே ஆஸ்பத்திரில போய்ப் படுக்கணும். வந்தப்புறம் மூணு மாசம் குனியக் கூடாதாம். உன் தாள் என்ன சொல்லுது? ஒன்பதாம் தேதி நட்டுரலாமா?”

ஸோஃபியாவுக்குத் தாளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருபது வருஷத்தில் பத்தொன்பது வருஷம் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு உறைபனி விழவில்லை. ஒரே ஒரு வருஷம் விழுந்திருந்தது.

“நடுங்க அத்தை. இனிமே பனி விழாது.”

அந்த ஒரு வருஷத்தை அவள் சொல்லவில்லை. நூற்று நாற்பது நாற்றையும் இரண்டு பேருமாக நட்டார்கள். கெனியா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அதை நகர்த்தி நகர்த்திக் குழி தோண்டினாள்.

பதின்மூன்றாம் தேதி காலையில் வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. பத்து மணிக்கு மழை. மதியம் மழைக்குள்ளேயே ஈரப் பனி கலந்து விழுந்து, செர்ரிப் பூவா பனியா என்று தெரியாமல் முற்றம் வெளுத்தது. விழுந்ததெல்லாம் சீக்கிரமே கரைந்துவிட்டது. ஸோஃபியா பயந்தது அதற்கில்லை. ஐந்து மணிக்கு மேகம் கலைந்தது, காற்றும் அடங்க ஆரம்பித்தது. வானம் கழுவி விட்டதுபோல நீலமாக இருந்தது. போர்வையாக இருந்த மேகம் போனால் விடியும்போது நிலம் உறையும். அது பாடத்தில் படித்தது. ஊரில் படிக்காதவர்களுக்கும் தெரிந்தது.

அவளிடம் இருந்த மூடுதுணியைக் காலையிலேயே கெனியாவின் செடிகள்மேல் விரித்திருந்தாள். காற்று அதை நாராகக் கிழித்து வேலியில் மாட்டிவிட்டிருந்தது. மிச்சம் ஒரே வழிதான், ஊர் வழி: ஒவ்வொரு செடிக்கும் ஒரு வாளியோ ஜாடியோ கவிழ்ப்பது. கெனியா வீட்டில் தேறியது இருபத்தைந்துதான்.

ஸோஃபியா கைவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அன்று அவல் கிடைத்தது.

டிராக்டர் மெக்கானிக் ஸிக்முந்த் கதவைத் திறந்ததுமே, “என்னம்மா குளிர்காரி, ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்ட?” என்றார்.

“கெனியா அத்தைய நடச் சொன்னது நான்தான். தப்பு என்னோடது. வாளி இருந்தா குடுங்க மாமா.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ஷெட்டுக்குள் போய் ஒரு அடுக்கு வாளி தூக்கி வந்தார். “எண்ணெய் நாத்தம் அடிக்கும். தக்காளி ஒண்ணும் கோவிச்சுக்காது.”

அப்போலோனியா வெள்ளரி ஊறுகாய் போடுகிற மூன்று லிட்டர் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். “படிச்ச பொண்ணாச்சே, உனக்குமா புத்தி இல்ல? ஒண்ணு உடைஞ்சாலும் உன்ன விடமாட்டேன், பாத்துக்க.”

ஒவ்வொரு வாசலிலும் ஸோஃபியா, தப்பு தன்னுடையது என்றே சொன்னாள். முதல் இரண்டு வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் அது வெறும் தகவலாகிவிட்டது.

இருட்டுவதற்குள் கவிழ்த்து முடித்தபோது முப்பது செடிக்கு மூடி இல்லை. “வேலியோர வரிசைய விட்டுரு,” என்றாள் கெனியா.

விடிந்தபோது புல் வெள்ளையாக நொறுங்கியது. ஸோஃபியா கூடாரத்துக்கு வெளியே மாட்டியிருந்த தெர்மாமீட்டரில் பார்த்தாள்: பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு. வேலியோர வரிசை வேகவைத்த கீரைபோலக் கறுத்துத் தொங்கியது. வெயில் ஏறியதும் ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். உள்ளே செடிகள் நின்றன. வாளியைத் தொட்ட இலை நுனிகள் மட்டும் கருகியிருந்தன.

மதிய பஸ்ஸுக்குப் பை கட்டி வைத்துவிட்டு கெனியா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஸோஃபியா பக்கத்தில் போய் நின்றாள்.

“அத்தை, இருபது வருஷத்துல ஒரு வருஷம் இப்படி விழுந்திருக்கு. எனக்கு அது அன்னிக்கே தெரியும்.”

கெனியா நிமிர்ந்து பார்த்தாள். “தெரிஞ்சே சொல்லலியா?”

“சொன்னா, நீங்களும் புனிதர்களத்தான் நம்புவீங்கன்னு நெனச்சேன்.”

கெனியா கோலால் மண்ணைக் குத்தினாள். கோபமா வலியா என்று முகத்தில் பிடிபடவில்லை.

“சொல்லியிருந்தாலும் நட்டுத்தான்டி இருப்பேன். எனக்கு வேற நாள் ஏது? ஆனா ஜாடிய முன்னாடியே சேத்து வச்சிருப்பேன். நீ ஊரெல்லாம் பிச்சையெடுத்திருக்க வேண்டாம்.” பிறகு பையை நீட்டினாள். “தூக்கு. பஸ் நிக்காது.”

இன்னும் இரண்டு ராத்திரி செடிகளை மூடிவைத்துவிட்டு, பிறகு ஸோஃபியா ஜாடிகளைக் கழுவி, கைவண்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கினாள். அப்போலோனியா வாசலிலேயே நின்று எண்ணி வாங்கினாள். உடைசல் இல்லாததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்போலத்தான் இருந்தது. கதவைச் சாத்தப் போனவள் நின்றாள்.

“வெள்ளரி விதை ஊன்றலாம்னு இருக்கேன். இருபதாம் தேதி வச்சா பனி பயமில்லையே?”

“இல்லை” என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸோஃபியா அதை விழுங்கினாள்.

“இருபதுக்கப்புறம் இந்த இருபது வருஷத்துல விழல. அதுக்கு முன்னாடி உள்ள வருஷம் எங்கிட்ட இல்ல.”

“அப்போ ஊன்றவா வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு!”

“ஊன்றுங்க. மேல போட ஏதாவது துணி பக்கத்துலயே இருக்கட்டும்.”

“படிச்சவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா இப்படித்தான்,” என்று அப்போலோனியா கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் புருஷனிடம் உரக்கக் கேட்பது தெருவரை கேட்டது:

“ஏங்க, அந்தப் பழைய ஜன்னல் திரைய எங்க வச்சீங்க?”