நாற்பது கிராம்

"இருபத்தஞ்சு என்ன? யானையா, எறும்பா?" என்று கேட்டபடியே நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஐந்தாம் வகுப்பு டீச்சர். விடை சரிதான், பக்கத்தில் அலகு எழுதாததுதான் குற்றம். "அலகு இல்லாத எண்ணு, முகவரி எழுதாத கடுதாசிடா. எங்க போய்ச் சேரும்?"

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கிலோ டீச்சர்'. பாடத்தை நினைத்து வைத்த பெயர் என்று சத்தியம் செய்வார்கள். அவர் நம்புவதில்லை; கோபித்துக்கொள்வதும் இல்லை. "எழுபத்திரெண்டு கிலோ. கிராம்ல சொல்லு பாப்போம்?" என்று தன்னையே கணக்காக்கிவிடுவார். வீட்டிலும் இதே பாடுதான். சாப்பாட்டில் கொஞ்சம் உப்புக் குறைவு என்று கணவர் வாய் திறந்தால், "கொஞ்சம்னா எவ்ளோ?" என்பார். "ரெண்டு கிராம், போதுமா தாயே?" என்று அவர் கும்பிடுவார்.

அன்று எடைப் பாடம். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றின் எடையைச் சொல்லச் சொன்னார். சோப்பு நூறு கிராம், அரிசி மூட்டை இருபத்தைந்து கிலோ என்று வந்துகொண்டிருந்தது. அதிகம் பேசாத மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"எங்க தம்பி. ஆயிரத்து இருநூறு கிராம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "தம்பியப் போய் யாராச்சும் கிராம்ல சொல்லுவாங்களா?"

"ஆஸ்பத்திரில அப்படித்தான் சொல்றாங்க."

சிரிப்பு அடங்கியது. இரண்டு மாதம் முந்திப் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான் தம்பி. அம்மா அவனோடு ஆஸ்பத்திரியில். இவள் சித்தி வீட்டில். இன்னும் பார்க்க விடவில்லை. "அது எவ்ளோ டீச்சர்? அப்பாவக் கேட்டா அழுறாரு."

டீச்சர் அலமாரியிலிருந்து தராசை இறக்கினார். ஒரு கிலோ கல்லையும் இருநூறு கிராம் கல்லையும் ஒரு தட்டில் வைத்தார். மறுதட்டில் ஒரு துணிப்பை. மைதானத்து மணலை முள் நேராகும்வரை அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி அவளிடம் நீட்டினார்.

"இவ்ளோதான் கண்ணு. இப்போதைக்கு."

யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் முழங்கையை மடக்கி வாங்கிக்கொண்டாள். பிறகு பை பெஞ்சு பெஞ்சாகப் போனது. சதா சண்டை போடும் கடைசி பெஞ்சுகூட அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தது.

மூன்றாம் நாள் அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். "நாப்பது கொறைஞ்சிருச்சு."

"அப்ப மண்ண எடுக்கணுமா டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

பதினெட்டு வருடமாகக் கழித்தல் சொல்லிக்கொடுத்தவருக்குக் கை வரவில்லை. வராந்தாவுக்குப் போய் அவள் அப்பாவுக்குப் போன் போட்டார். "மொத வாரம் கொறையிறது வழக்கம்தானாம், அப்புறம் ஏறுமாம். நர்ஸம்மா சொன்னாங்க டீச்சர்." சொன்னவரின் குரலே அதை நம்பவில்லை.

உள்ளே வந்தார். "உள்ளதை உள்ளபடிதான் அளக்கணும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, நாற்பது கிராம் மணலை எடுத்துக் காகிதத்தில் மடித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நீ பத்திரமா வச்சிரு. தம்பி கேப்பான். அப்பக் குடுத்துடு."

ஒன்பது நாள் அது அவள் பென்சில் டப்பாவில் கிடந்தது. பத்தாம் நாள் மணி அடிக்குமுன்னே மூச்சிரைக்க ஓடிவந்தாள். "கேட்டுட்டான் டீச்சர்!"

அதற்குப் பிறகு பை ஏறுமுகம்தான். ஒன்றரைக் கிலோவானது, மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் இரண்டைத் தொட்டது. அடுத்த சில நாளில், பள்ளி விடும் நேரத்துக்கு, தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவே வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வாங்கிக்குங்க டீச்சர். உங்ககிட்டக் காட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா இவ."

டீச்சர் குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் குழந்தையை வாங்கிக் கனம் பார்க்கவில்லை. துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தின் அடியில் ஒற்றை விரலை வைத்தார். அது உதைத்தது. விரலை எடுக்காமல், இன்னொரு உதைக்காக அப்படியே குனிந்து நின்றார்.