எடையை ஒரு காலுக்குக் கொடுப்பது

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழே, காலை ஏழு மணிக்குச் சீன முதியவர்கள் சிலர் தண்ணீருக்குள் நடப்பதுபோல் கைகால்களை நகர்த்துவார்கள். தாய்ச்சி. பல வருடங்களாக அதைக் கடந்துதான் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன். நின்று பார்த்ததில்லை. ரயில்நிலைய நகரும் படியில் இரண்டு முறை விழுந்த பிறகு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன். நம் ஊரில் கற்கும் இடம் என்றால் கால் தானாகச் செருப்பைவிட்டு வெளியே வந்துவிடும். அப்படித்தான் கழற்றிவைத்தேன். சொல்லித்தரும் லிம் ஆன்ட்டி என் வெறும் பாதங்களையே பார்த்தார். மறுநாள் கறுப்புத் துணிக் காலணி ஒரு ஜோடி கொண்டுவந்து நீட்டினார். "நோ ஷூஸ் ஆ, அங்கிள்? டேக், டேக்." விளக்கத் தெம்பில்லை. போட்டுக்கொண்டேன்.

காலில் கோளாறு இல்லை என்றார் மருத்துவர். எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில், என் மகன் சதீஷின் வலது பாதத்தின்மேல் கம்பிக்கட்டு சரிந்த நாளிலிருந்துதான் இப்படி விழுகிறேன். பாதத்தை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டவன் நான். இங்கே பட்டறையில் பிறருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவனும் நான். செய்தி வந்த அன்றும் வகுப்பை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் பேசினேன். ஏனென்று இன்றும் தெரியவில்லை. அழவும் இல்லை.

கவரைப்பேட்டை வீட்டில் செயற்கைக் கால் கட்டிலுக்கடியில் கிடந்தது. "தொடவே மாட்டேன்றான். சுவத்தையே பாத்துக்கினு கீறான்" என்பாள் மனைவி வசந்தி. எழுந்து நில், பழகிக்கொள் என்று போனில் சொல்வேன், வகுப்பில் பேசும் அதே குரலில். ஐந்து மாதமாக அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தாய்ச்சியில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். எடை முழுவதையும் ஒரு காலுக்குக் கொடுத்து, மற்றதைக் காலியாக வைப்பது. போன ஞாயிறு வசந்தி காணொளியில் அழைத்து, போனைச் சதீஷ் பக்கம் திருப்பியபோது, என் போனைச் சுவரில் சாய்த்துவைத்து, எதுவும் சொல்லாமல் அதைச் செய்து காட்டினேன். பாதியிலேயே சாய்ந்து என் கட்டிலைப் பிடித்தேன்.

"இன்னா நைனா, ரெண்டு காலு வச்சிக்கினே நிக்கத் தெரில?"

"தெரிலடா."

அவன் சிரிக்கவில்லை. "எம்மா, அத்த எடு" என்றான்.

செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தான். முகமெல்லாம் வியர்வை. 'பார்த்து' என்று சொல்லவந்ததை விழுங்கினேன். எதிரெதிரே நின்றதால், அவனுடைய இடது காலுக்கு நேராக என் வலது காலில் எடையை வைத்தேன். அவன் கம்பியை விட்டான். எனக்கு மகிழ்ச்சி என்று எதுவும் தோன்றவில்லை. விழாமல் இருப்பதிலேயே கவனம் இருந்தது. சற்று நேரம் எங்கள் இருவரின் எடையும் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று சிங்கப்பூரில், ஒன்று கவரைப்பேட்டையில்.