அக்காவின் வீட்டுக் கடனும் என் கையெழுத்தும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவள் என்ற முறையில் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள். நல்லதை மட்டும் எழுதும் இடம் இது என்று எனக்குத் தெரியும். அக்காவைப் பற்றி நல்லதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. என்னைப் பற்றித்தான் இருக்கிறது.

அக்கா நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மிளகாய்ப் பழம் எடுக்கப் போனார். நான் பத்து வரை படித்தேன். அப்போதும் வீட்டுக்கு வருபவர்கள், “பெரியவ மாதிரி வருமா?” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். என்னைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்ததும், இனி நான்தான் ஒரு படி மேல் என்று நினைத்துக்கொண்டேன். அத்தான் சீக்கிரமே காலமாகிவிட்டார். தகரக் கொட்டகையில், ஒழுகும் மூலையை விட்டு மறு மூலைக்குப் பாயை நகர்த்திக்கொண்டே, ஒரே மகளை நர்ஸ் படிப்பு வரை படிக்கவைத்தார் அக்கா. யாரிடமும் போய் நின்றதில்லை.

பிறகு, கிராமங்களில் நல்ல வீடு இல்லாதவர்களுக்கு அரசு மானியத்தோடு வீட்டுக் கடன் என்று அறிவிப்பு வந்தது. ஊராட்சிப் பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது. நானும் வங்கிக்குப் போய்க் கேட்டேன்.

“நீங்க கோவில்பட்டி டவுன்ல இருக்கீங்க. இந்தக் கடன் கிராமத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும்தாம்மா,” என்றார் அலுவலர்.

எந்த ஊரை விட்டுப் போனதைப் பெருமையாகப் பேசித் திரிந்தேனோ, அந்த ஊரில் இருப்பவருக்கு வீடு. எனக்குக் கடைசி வரை வாடகை. பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை வயிறு எரிந்தது.

அப்பாவின் மனை எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருந்தது. நான் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் அக்காவுக்குக் கடன். மாசிக் கடைசியில் அக்கா வந்தார்.

“ஏட்டி, பேங்குல வந்து ஒரு கையெழுத்துப் போடணும். என்னைக்கு வாரே?”

“பங்குனி பொறக்கப் போகுது. பங்குனியில வீட்டுக் காரியம் ஆகாதுல்லாக்கா.”

சித்திரையில், என் கணவரைக் கேட்க வேண்டும் என்றேன். வைகாசியில் எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழா. ஆனியில் மறுபடியும் பஞ்சாங்கம் கைகொடுத்தது. அக்கா ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. “சரிட்டி, நீ சொல்லுதப்ப வாரேன்,” என்று பஸ் ஏறிவிடுவார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆவணிக் கடைசியில்தான் போட்டேன். கொத்தனார் கைவிரித்துவிட்டார். “கரிசல்ல கோடையிலதான் அஸ்திவாரம் தோண்டணும். மழை விழுந்தா மண்ணு பொங்கும், சுவரு வெடிச்சிரும். தை கழியட்டும்.”

அந்த மழைக்காலமும் அக்கா தகரத்துக்குக் கீழேதான் இருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், “பேங்குல இழுத்தடிக்காவ,” என்றார். சித்தப்பா மகன் வங்கிக்கே போய்ச் சத்தம் போட்டான். அந்த அலுவலர் பேசாமல் கேட்டுக்கொண்டாராம். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அக்கா அவரிடம் முன்பே கேட்டுக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஆவணியில் புது வீட்டில் பால் காய்ச்சினோம். எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். நான் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, “வழுக்கும் போலிருக்கே,” என்றேன். அக்கா சிரித்தார்.

ஐப்பசியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கூட இருந்து பார்த்துக்கொண்டேன். ஒரு மதியம் கதவைத் திறந்தபோது அக்கா வெளியே பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏட்டி, மழையா பெய்யுது? உள்ள சத்தமே கேக்கலியே!”

சின்னப் பிள்ளைபோல அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். மார்கழியில் போய்விட்டார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், வீட்டைக் கட்டித் தந்த கொத்தனாருக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேச்சு வாங்கிக்கொண்ட அந்த வங்கி அலுவலரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தாமதம் வங்கியில் இல்லை, என் பொறாமையில். அக்கா அந்த வீட்டில் ஒரு மழைக்காலம்தான் இருந்தார். இரண்டு இருந்திருக்க வேண்டும்.