பூண்டு மூட்டைக்குப் பின்னால் ஒரு கதவு

போடில் அம்மையார் டென்மார்க்கில் பிறந்தவர். அந்த ஒன்றைத் தவிர, அவரைத் திருச்சிக்காரர் இல்லை என்று சொல்ல எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் பல வருடங்களாகக் குடியிருக்கிறார். சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போடுவார். வைகாசி வெயிலைத் திட்டுவார். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

அவர் ஊரில் அவர் மொழியியல் பேராசிரியர். இளவயதில் பெண்களுக்கும் சமச் சம்பளம் வேண்டும் என்று கொட்டும் பனியில் தெருவில் உட்கார்ந்தவர். அவருடைய துறையில் பாடம் நடத்த மேடையேறிய முதல் பெண்ணும் அவர்தான். அன்றைக்கு வகுப்பில் திறந்த வாயை அந்த ஊர் ஆண்கள் இன்னும் மூடவில்லை என்று கேள்வி. ஓய்வு பெற்றதும், பாதி வடமொழியும் பாதி தமிழுமாக இருக்கும் பழைய வைணவ உரைகளைப் படிக்க ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார். பேச்சுத் தமிழை வீட்டுக்கார வேதவல்லி மாமியிடம் கற்றுக்கொண்டார். அங்கேதான் வினை.

மாமி வீட்டில் தண்ணீர் கிடையாது, தீர்த்தம்தான். ரசம் கிடையாது, சாற்றமுதுதான். வெங்காயம் வாசற்படி ஏறியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் தமிழ் படித்தவர், வெளியே புழங்கும் தமிழையும் காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, லால்குடிச் சாலையில் இருக்கும் ஒரு வெங்காய மண்டிக்குப் போனார். எந்த மண்டி என்று கேட்காதீர்கள். காந்தி மார்க்கெட் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மூட்டை தூக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இருளாயியிடம் கைகூப்பி நின்றார்.

"அடியேன் போடில். தேவரீர் திருநாமம் என்னவோ?"

இருளாயி திரும்பி, எலுமிச்சம்பழம் விற்கும் வஹீதாவைக் கூப்பிட்டார். "ஏ வஹீதா, இங்க ஓடியா. இந்தம்மாவுக்குச் சாமி வந்துருக்கு."

"எந்தச் சாமிக்கா?"

"தெரியல. வெள்ளைக்காரச் சாமி போல."

அன்றைக்கு மண்டி சிரித்த சிரிப்பில் கொள்ளிடத்தில் தண்ணீர் ஒரு முழம் ஏறியதாகச் சொல்லலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அரை முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போடிலும் சிரித்தார். பிறகு, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டார்.

"எங்க பேச்ச நீங்க எடுத்துக்கிட்டா, எங்களுக்கு என்ன குடுப்பீங்க?" என்றார் இருளாயி.

கேள்வி போடிலுக்கு நியாயமாகப்பட்டது. பதிலுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தருவதாகச் சொன்னார். அப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. லாரிகள் போய் மண்டி அடங்கும் மதிய வேளையில், தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். வாத்தியாருக்கும் அதே பெட்டிதான். ஒருத்தி எழுந்து நின்று தன் வாழ்க்கையிலிருந்து ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், நின்றவள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத்து. தன் குரலைத் தானே கேட்டிராதவளுக்கு எழுத்தறிவு வந்து என்ன பயன் என்பது போடிலின் கட்சி.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. அவர் தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். மூட்டை தூக்கி வியர்த்துப்போன பெண்களில் ஒருத்திகூட ஒரு வாய் குடிக்கவில்லை.

யோசித்தார். படித்தவர்கள் யோசித்தால் எங்கே போய் நிற்குமோ அங்கேதான் போய் நின்றார். மாமி வீட்டுக் குடத்தை ஒருமுறை தெரியாமல் தொட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. "ஐயையோ, மடியா வச்சிருக்கேன், தொட்டுட்டேளே!" என்ற குரல் இன்னும் காதில் இருந்தது. ஓஹோ, இவர்களுக்கும் ஏதோ ஆசாரம் இருக்கிறது, தனிப் பாத்திரம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று முடிவு கட்டினார். மறுநாள் புத்தம் புதிதாக ஆளுக்கொரு பித்தளைச் சொம்பு வந்தது.

"இது தங்களுக்கு, இது வஹீதாவுக்கு, இது அடியேனுக்கு. ஒருவர் பாத்திரத்தை மற்றவர் தொட வேண்டாம்" என்றார் பெருமிதமாக.

இருளாயியின் முகம் கறுத்தது.

"யாரு சொன்னது உங்ககிட்ட, எனக்குத் தனிச் சொம்புன்னு? எங்க ஊரு டீக்கடையில எங்கப்பாவுக்குத் தனி கிளாசு. அதைப் பார்த்து வளந்தவ நான். படிப்பு சொல்லித் தரேன்னு வந்து நீங்களும் அதையே எடுத்து வைக்கிறீங்களா?"

போடில் சொம்புகளை ஒதுக்கி வைத்தார். "பின்னே ஏன் யாரும் குடிப்பதில்லை?"

"குடிச்சா எங்க போறதும்மா?" என்றார் வஹீதா மெதுவாக. "வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாயை நனைச்சா, திரும்பிப் போய்தான் மறு வாய். இருளாயி அக்காவுக்கு ஒண்ணுக்கு ரத்தமா போகுது. இனியும் அடக்கி வச்சா கிட்னி போயிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வேலையை விட்டா மூணு வாயி பட்டினி."

இருளாயி எழுந்து அவரை மண்டியின் பின்பக்கம் அழைத்துப் போனார். கழிப்பறைக்கு இரண்டு கதவுகள். ஆண்கள் கதவு திறந்தே கிடந்தது. பெண்கள் கதவில் பூட்டு. இடுக்கு வழியே பார்த்தால் கூரை வரை பூண்டு மூட்டை. மண்டி வியாபாரிகள் சங்கச் செயலாளர் ரெங்கராஜின் சரக்கு.

போடில் சொம்புகளுக்காக மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பு கிடக்கட்டும். நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. வெள்ளைத்தோல் சொன்னா கேப்பாங்க" என்றார் இருளாயி.

போடில் தயங்கினார். தானே பேசிக்கொள்ளப் பெண்களைப் பழக்குவதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. ஆனால் கொள்கையைக் காப்பாற்றிக்கொண்டு இவள் சிறுநீரகத்தைக் கைவிடுவதா? அப்படிச் செய்தால் அது கொள்கையா, கர்வமா? இந்தக் கேள்விக்கு அவர் படித்த எந்த உரையிலும் விளக்கம் இல்லை. போனார்.

ரெங்கராஜ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "என்னங்கம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்க ஆபீஸ் பாத்ரூம் இருக்கு, டைல்ஸ் போட்டது. நீங்க எப்ப வேணாலும் வரலாம்."

"மற்றவர்கள்?"

"அவங்களுக்கெல்லாம் பழகிப் போச்சுங்கம்மா."

போடில் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னார். "பழகிப் போச்சாமா!" என்று இருளாயி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தன் தக்காளிப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். "வாங்கடி. இன்னைக்கு வகுப்பு ஆபீஸ் வாசல்ல."

மண்டியே கூடிவிட்டது. இருளாயி எழுந்து நின்றார். விடிகாலை வேலை தொடங்குவதிலிருந்து வீடு திரும்புகிறவரை உடம்பை எப்படி அடக்கி வைக்கிறார் என்று, எதையும் மறைக்காமல் சொன்னார். லாரிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முடித்ததும் வகுப்பு முறைப்படி கேள்விகள்.

"மாசத்துல அந்த மூணு நாளு என்னக்கா பண்ணுவே?" வஹீதா கேட்டார்.

"அதை ரெங்கராஜண்ணன் பூண்டுகிட்டதான் கேக்கணும். அதுதான் உள்ள சொகமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். வியாபாரி ஒருவர் ரெங்கராஜைத் திரும்பிப் பார்த்தார். இன்னொருவரும் பார்த்தார். ரெங்கராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்து, கூட்டத்தைக் கடந்து, போடிலிடம் நீட்டினார்.

"அம்மா, நீங்களே வச்சுக்குங்க. நீங்க பொறுப்பு."

போடில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்தது அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பனியில் உட்கார்ந்ததைவிட அது கடினம்.

"சாவி எதுக்குண்ணே?" என்றார் இருளாயி. "ஆம்பளைங்க கதவுல பூட்டு இருக்கா? பூட்டையே கழட்டிக் கொண்டுபோங்க."

பூட்டு கழன்றது. கதவு திறந்தது. மூட்டைகளைப் பார்த்த ரெங்கராஜ் பழக்க தோஷத்தில், "இருளாயி, ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து இதை..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"யாரு வச்சாங்களோ அவங்க எடுக்கட்டும்" என்றபடி இருளாயி பெட்டியில் உட்கார்ந்தார். பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள்.

சங்கச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஊரே பார்க்க முதல் மூட்டை வந்தது, முக்கல் முனகலோடு இரண்டாவது வந்தது. சுவரோரம் ஒரு ஆள் நுழைய வழி தெரிந்ததும் இருளாயி எழுந்தார். "கொஞ்சம் வெளிய நில்லுங்கண்ணே" என்று ரெங்கராஜை நகர்த்திவிட்டு, மீதி மூட்டைகள் இருக்கும்போதே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.