முதுகு காட்டாத மணவாளன்

வாடகைக்குப் போன சைக்கிள் திரும்பி வந்தால் மணவாளன் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, ரேடியோவில் செய்தி கேட்பவனைப் போலக் காதைச் சாய்த்துக்கொள்கிறான். பிறகு மட்கார்டு நட்டை விரலால் தடவி மோந்து பார்க்கிறான்.

"ஆத்து மண்ணு. கரை மேலேர்ந்து குதிச்சியா?"

"ரேஷன் கடைக்குத்தாண்ணா போனேன்," என்கிறான் எதிரில் நிற்கும் பொடியன்.

"ரேஷன் கடைக்குப் போறவன் மட்கார்ட இன்னாத்துக்குடா கயட்டின? மாட்டறப்போ ஒரு வாஷர வுட்டுட்ட. புதர்லதான் கெடக்கும், போய் எட்த்துகினு வா."

பொடியன் ஓடுகிறான். வாஷர் புதரில்தான் கிடக்கிறது. மணவாளன் அண்ணன் மை போட்டுப் பார்க்கிறான் என்று திருத்தணிப் பையன்கள் நம்புகிறார்கள். மையும் இல்லை, மந்திரமும் இல்லை. இருபது வருஷத்துக்கு முன் நந்தி ஆற்றங்கரையில் அந்தப் புதரைக் கண்டுபிடித்தவனே இவன்தான். பாம்பின் கால் பாம்பறியும்.

அப்போது கடை ஆதிகேசவனுடையது. சைக்கிளை வாடகைக்கு எடுத்து, மட்கார்டு, கேரியர், மணி எல்லாவற்றையும் கழற்றிப் புதரில் போட்டால், வண்டி உரித்த கோழியாய் நிற்கும். சிகரெட் அட்டையைச் சக்கரத்தின் போக்ஸ் கம்பியில் செருகினால் மோட்டார் சத்தம் இலவசம். கரையிலிருந்து காய்ந்த ஆற்று மணலுக்குப் பறந்தால் அது தவளை. முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தில் ஓட்டினால் அது குதிரை. இவற்றை எல்லாப் பையன்களும் செய்தார்கள். பாம்பு மட்டும் மணவாளனின் சொந்தச் சரக்கு. கோடை விடுமுறைக்குப் பொதட்டூர்பேட்டை மாமா வீட்டுக்குப் போனபோது பிடித்தது.

அங்கே தறி இல்லாத வீடு கிடையாது. காலையில் தெரு நடுவே மூங்கில் கவட்டைகளை நட்டு, அவற்றின்மேல் தறிக்குப் போகிற பாவு நூலை இடுப்பளவு உயரத்தில் நீளமாகக் கட்டி, பிரஷ்ஷால் கஞ்சி போடுவார்கள். மனிதர்கள் குனிந்து போவார்கள். மணவாளன் சைக்கிளை வேகமாக மிதித்து வந்து, பாரின்மேல் படுத்து, ஓர் இழையும் உரசாமல் பாவுக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் வருவான். அதுதான் பாம்பு. அவன் பின்னால் வருகிற கூட்டாளி கஜபதி உரசிவிடுவான். பிரஷ் கட்டை அடி கஜபதிக்கு.

அதே கஜபதி இப்போது மெட்ராஸில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தைப் போன வருஷம் கொண்டுவந்தான். குட்டிச் சக்கர சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரப் பையன் ஆகாயத்தில் நிற்கிறான்.

"இதுக்குப் பேரு பி.எம்.எக்ஸ்ஸுன்றாங்க, மச்சி. போட்டியெல்லாம் வெக்கிறாங்களாம்."

மணவாளன் படத்தை நெடுநேரம் பார்த்தான். "தலைக்கு ஹெல்மெட்டு, முட்டிக்கு மெத்த. ஆதிகேசவன் கைல மாட்டிப்போம்ன்ற பயமும் இல்ல. அப்பறம் இவன் இன்னா குதிக்கிறான்?"

சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பித் தரவில்லை. படம் இன்று கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஊதுவத்தி காட்டாததுதான் பாக்கி.

இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வயது முப்பத்து மூன்று. தாயார் கன்னியம்மாள் படியேறாத வீடில்லை. போன ஆடிக் கிருத்திகையன்று மலையடிவாரத்தில் பொதட்டூர்பேட்டை தங்கவேலின் மகள் கோமளவல்லியைப் பார்த்ததிலிருந்து மணவாளனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டான். தங்கவேலோ லேசுப்பட்டவரல்ல. முன்பு வந்த வரன் ஸ்கூட்டரைச் சாய்த்து ஓட்டினான் என்பதற்காகவே வேண்டாமென்று அனுப்பியவர்.

"ஆடின காலுடா அது, சும்மா இருக்காது," என்று இனி சைக்கிளில் வித்தை காட்டுவதில்லை என்று மலைமேல் கற்பூரத்தை அணைக்க வைத்து மகனிடம் சத்தியம் வாங்கினாள் கன்னியம்மாள். தை பிறந்ததும் பெண் பார்க்க உறவுகளோடு பஸ்ஸில் முன்னால் போனாள். மணவாளன் புது டெரிலின் சட்டையோடு சைக்கிளில் பின்னால் போனான்.

தெருவில் பாவு கட்டியிருந்தது. பெண் வீடு அந்தப் பக்கம். கஞ்சி போடுகிறவர்கள் தெருக்கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு. யோக்கியன் என்றால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து போயிருப்பான். மணவாளன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வினையாகிவிட்டது. கால் மிதித்தது, உடம்பு படுத்தது, பாம்பு நுழைந்துவிட்டது.

ஓர் இழையும் அறவில்லை. மணவாளனுக்குப் பதின்மூன்று வயது திரும்பிவிட்டது. முதுகில் சில்லென்றபோதுதான் புத்தி வந்தது. பதின்மூன்று வயதில் இல்லாத தொப்பை இப்போது இருக்கிறது. அது முதுகைச் சற்றே உயர்த்திவிட, கருநீலச் சட்டையில் குறுக்கே பட்டையாகக் கஞ்சி. வாசற்படியில் கஞ்சிச் சட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கோமளவல்லியேதான். அவன் முதுகைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் மணவாளன் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. சுவரோடு ஒட்டி நடந்து, சுவரோடு ஒட்டி உட்கார்ந்தான். "மாமா கால்ல வுழுடா," என்றாள் கன்னியம்மாள், தங்கவேலைக் காட்டி. கால் மரத்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்தபடியே கும்பிட்டான். கிளம்பும்போதும், கர்ப்பக்கிரகத்தை விட்டு வருகிறவனைப் போலக் கைகூப்பியபடி பின்னாலேயே நடந்தான்.

தங்கவேல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவங்களுக்கு முதுகு காட்டாத புள்ள," என்றார் கன்னியம்மாளிடம். "இந்தக் காலத்துல யாரும்மா இருக்காங்க இப்டி?" கன்னியம்மாள் விழித்தாள். அவள் பெற்ற பிள்ளை அப்படிப்பட்டவனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தங்கவேல் மகள் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்றம்மா?"

பின்னால் வைத்த காலோடு மணவாளன் நின்றுவிட்டான். ஒரு வார்த்தை போதும், அவன் கதை முடிந்துவிடும்.

"ஆங், நைனா," என்றாள் கோமளவல்லி, சிரிப்பின் சுவடே இல்லாமல். "ரொம்ப நிதானமானவரு."

உள்ளே பெரியவர்கள் வெற்றிலைத் தட்டை நகர்த்தி நாள் பார்க்க உட்கார்ந்தார்கள். மணவாளன் பின்னாலேயே நடந்து வாசலுக்கு வந்து, சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்த பிறகுதான் திரும்பினான். வேலை செய்கிறவர்களுக்குக் கஞ்சி கொடுக்கிற சாக்கில் கோமளவல்லி சட்டியோடு அவனுக்கு முன்பே தெருவில் நின்றிருந்தாள். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளாலும் கவட்டையோடு சேர்த்துப் பாவை ஒரு சாண் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் சைக்கிளைப் பார்த்து மோவாயை அசைத்தாள்.